புரொடக்‌ஷன் லைன் நிக்குது, சரக்கு எங்கயோ நிக்குது: இம்போர்ட் தலைவலிக்கு அறிகுறி பாத்து வைத்தியம்

கோயம்புத்தூர்ல மோட்டார் பம்ப் பண்ற ஒரு நடுத்தர கம்பெனில பதினோரு வருசமா பர்ச்சேஸ் பாக்கறேன். பேரிங், மெக்கானிக்கல் சீல், கன்ட்ரோலர் போர்டு, சில சமயம் ஸ்டாம்பிங்குக்கு எலக்ட்ரிக்கல் ஸ்டீல், இதெல்லாம் வெளிநாட்டுல இருந்துதான் வருது. வருசத்துக்கு நாலஞ்சு தடவை அதே பிரச்சினை வேற வேற பேர்ல வரும், ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து தேடறதுக்கு பதிலா எழுதி வச்சுக்கலாம்னு ஆரம்பிச்சது இது.

ஷாப் ஃப்ளோர்ல என்ன தெரியுதோ அதை வச்சு பிரிச்சிருக்கேன், பர்ச்சேஸ் ஃபைலை வச்சு இல்ல. ஏன்னா ஃபைலை தொறந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும், விலை கம்மி, பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டாச்சு, அட்வான்ஸ் போயாச்சு. அங்க மிச்சம் பண்ணுன காசு ஓவர்டைம், ரீவொர்க், செட்டிங் மாத்துறதுன்னு புரொடக்‌ஷன் ரிஜிஸ்டர்ல வேற பேர்ல போய்ட்டு இருக்கும். உங்க அறிகுறிக்கு போங்க, மேல இருக்கறது செலவில்லாத செக், கீழ போகப்போக காசு. நடுவுல தாவாதீங்க.

## அறிகுறி 1: லைன் நிக்குது, சரக்கு இன்னும் வரல

நெசமாவே வரலையா? சிரிக்காதீங்க. ஒரு தடவை மெக்கானிக்கல் சீல் இல்லைன்னு ரெண்டு ஷிப்டு போச்சு, நான் கப்பல் புக்கிங் பாக்கற ஃபார்வர்டரை போன்ல வறுத்தெடுத்துட்டு இருக்கேன், ஸ்டோர் அண்ணன் வந்து நிதானமா, "ஏன் தம்பி, அந்த ரேக்குக்கு பின்னாடி நாலு டப்பா கெடக்குதே, அதுக்கு இன்னும் ஜிஆர்என் போடலயே"ங்கறாரு. ஜிஆர்என்னா சரக்கு வந்து சேந்ததுக்கு ஸ்டோர்ல போடற சீட்டு. அது போடாதது, இன்ஸ்பெக்‌ஷன்ல தேங்கினது, ரிஜெக்ட் பின்ல தப்பா போனது, இந்த மூணையும் நடந்து போய் கண்ணால பாருங்க. சிஸ்டத்துல பாக்காதீங்க.

இல்லவே இல்லைன்னா, சரக்கு எங்க இருக்கு? சப்ளையர் வாட்ஸ்அப்ல "ஆல்ரெடி ஷிப்டு டியர்"னு போட்டா அதுக்கு அர்த்தம் ஃபேக்டரி கேட்டை தாண்டிருச்சுங்கறது மட்டும்தான், அதுவும் சில சமயம் பொய். பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏத்திக்கிட்டதுக்கு ஷிப்பிங் லைன் குடுக்கற ரசீது) காப்பியும் கண்டெய்னர் நம்பரும் கேளுங்க, நாலு எழுத்து ஏழு நம்பர் இருக்கும், அதை ஷிப்பிங் லைன் வெப்சைட்ல நீங்களே போட்டு பாருங்க. நம்பர் தர இழுத்தடிக்கிறாங்கன்னா சரக்கு இன்னும் ரெடி ஆகல, அவ்ளோதான்.

நம்பர் இருக்கு, கப்பல் நகரலைன்னா:

- தூத்துக்குடிக்கு வர்ற சரக்குல நெறய கொழும்புல இறங்கி வேற சின்ன கப்பல்ல ஏறி வரும். அந்த கனெக்‌ஷன் தவறுனா ஒரு வாரம் சும்மா போயிரும். டிராக்கிங்ல கொழும்புல இறக்கின தேதி மட்டும் இருந்து ஏத்துன தேதி இல்லைன்னா இதுதான் கேசு. ஃபார்வர்டரை புடிச்சு அடுத்த கப்பல் பேரை எழுத்துல வாங்குங்க.
- சீனாவுல இருந்து வர்றதுன்னா காலண்டரை பாருங்க. சீன புத்தாண்டு 2026ல பிப்ரவரி 17, 2027ல பிப்ரவரி 6. லீவு என்னமோ ஒரு வாரம்தான், ஆனா ஆளுங்க ஊருக்கு முன்னாடியே கெளம்பி லேட்டா திரும்பறதால கிட்டத்தட்ட ஒரு மாசம் ஃபேக்டரி படுத்துரும். அக்டோபர் முதல் வாரமும் லீவுதான்.
- ஐரோப்பால இருந்து வர்றதுன்னா செங்கடல் பிரச்சினை. 2023 கடைசில இருந்து நெறய கப்பல் சூயஸ் வேண்டாம்னு ஆப்பிரிக்காவ சுத்தி வர ஆரம்பிச்சுது, அதுலயே பத்து பதினாலு நாள் கூடிரும். எந்த வழின்னு புக்கிங் பண்ணும்போதே கேக்கணும், கப்பல் கெளம்புனப்புறம் கேட்டு என்ன பண்றது.

அப்பறமும் வழி இல்லைன்னா ஏர்ல எடுங்க, ஆனா எல்லாத்தையும் இல்ல. இங்கதான் முதலாளிக்கும் எனக்கும் சண்டை வரும். நாங்க போடற 6203ங்கற சைஸ் பேரிங் ஒண்ணு சுமார் 65 கிராம். ஒரு மோட்டாருக்கு ரெண்டு, நாளைக்கு 200 மோட்டார்னா 400 பேரிங், 26 கிலோ. அஞ்சு நாள் லைன் ஓட 130 கிலோ போதும், மிச்சம் கப்பல்லயே வரட்டும். 130 கிலோ ஏர் ஃப்ரெய்ட்டையும் அஞ்சு நாள் லைன் நின்னா போற சம்பளம், டெலிவரி பெனால்டி ரெண்டையும் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதி காட்டுங்க, சண்டை அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். ஆனா ஒண்ணு, கனம் இல்லாம எடத்தை அடைக்கிற சாமானுக்கு கணக்கு வேற, நீளம் அகலம் உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 6000ஆல வகுத்து வர்ற கிலோவும் உண்மையான எடையும் பாத்து எது அதிகமோ அதுக்கு காசு வாங்குவாங்க. இன்னொரு விசயம், ஏர் ஃப்ரெய்ட் எவ்ளோ ஆனாலும் கஸ்டம்ஸ் மதிப்புல சேக்கறது எஃப்ஓபி விலையில (அங்க கப்பல்ல ஏத்தற வரைக்கும் உள்ள விலை) 20 சதவீதத்துக்கு மேல போகாது. ட்யூட்டி ஏறிருமேன்னு பயந்து ஏர் வேண்டாம்னு சொல்றவங்க இதை தெரிஞ்சுக்கணும்.

## அறிகுறி 2: கப்பல் வந்துருச்சு, சரக்கு வெளிய வரல

பில் ஆஃப் என்ட்ரி, அதாவது என்ன சரக்கு வருதுன்னு கஸ்டம்ஸ்ல குடுக்கற கணக்கு, போட்டாச்சா? பொதுவா கப்பல் வர்றதுக்கு முந்தின நாள் முடியறதுக்குள்ள போட்டிருக்கணும், லீவு நாளும் கணக்குல சேரும், 2021ல இருந்து இப்படித்தான். லேட்டானா முதல் மூணு நாளைக்கு தினம் 5,000 ரூபாய், அதுக்கப்புறம் தினம் 10,000. முப்பது நாள் முன்னாடியே போட்டுக்கலாம்ங்கறப்ப கடைசி நாள் வரைக்கும் காத்திருக்கறது சுத்த சோம்பேறித்தனம், நானும் பண்ணிருக்கேன். ட்யூட்டி கட்டறது லேட்டானா வருசத்துக்கு 15 சதவீத வட்டி தனி.

போட்டாச்சு, ஆனா நிக்குதுன்னா பேப்பரை பாருங்க. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூணுலயும் எடை, பெட்டி எண்ணிக்கை, கம்பெனி பேரு ஒண்ணா இருக்கணும். கம்பெனி பேர்ல "பிரைவேட்" விட்டுப்போனதுக்கே எங்களுக்கு ரெண்டு நாள் போச்சு. அடுத்தது ஐஇசி, இம்போர்ட் எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கு குடுக்கற கோடு நம்பர். வருசா வருசம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக துறை) சைட்ல போய் ஒண்ணும் மாறலைன்னாலும் அப்டேட் குடுக்கணும், மறந்தா ஐஇசி டீஆக்டிவேட் ஆயிரும். போன்ல ரிமைண்டர் வச்சுக்கோங்க, ஆடிட்டர் பாத்துப்பாருன்னு விட்டுடாதீங்க. அப்பறம், பணம் முழுசா போகாததால சப்ளையர் ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங்கை கையிலயே வச்சிருக்கானா, சரண்டர் பண்ணிட்டானான்னு கேளுங்க. அது இல்லாம டிஓ, சரக்கை எடுத்துக்கலாம்னு ஷிப்பிங் லைன் குடுக்கற டெலிவரி ஆர்டர், கெடைக்காது.

கஸ்டம்ஸ் ஆபீசர் கொரி (கேள்வி) போட்டிருக்காருன்னா:

- *ஹெச்எஸ் கோடு (சாமான் எந்த வகைன்னு காட்டற நம்பர், ட்யூட்டி இதை வச்சுதான்) பத்தின கொரி.* கேட்லாக், டிராயிங், எதுக்கு யூஸ் பண்றோம்னு ஒரு பக்க லெட்டர், இதை அன்னிக்கே ஏத்துங்க. ஆளை நேர்ல பாக்காத ஃபேஸ்லெஸ் முறை வந்தப்புறம் உங்க ஃபைலை பாக்கறவர் வேற ஊர்ல உக்காந்திருப்பாரு, சென்னைல யாரையோ போய் பாத்து விளக்கற கதை எல்லாம் முடிஞ்சுது, எழுதறதுதான் பேசும்.
- *ஒப்பந்த சலுகை ட்யூட்டி கேட்டிருந்தா.* ஆசியான், ஜப்பான், கொரியா இதுல எதுவா இருந்தாலும் 2020 செப்டம்பர் 21ல இருந்து வெறும் ஒரிஜின் சர்டிபிகேட் பத்தாது, அந்த நாட்டுல எப்படி தயாராச்சுங்கற விவரம் உங்க கையில இருக்கணும். ஆர்டர் போடும்போதே சப்ளையர்கிட்ட வாங்கி வைங்க. சரக்கு போர்ட்ல நிக்கறப்ப கேட்டா அவன் அசைய மாட்டான்.
- *மரப்பெட்டி, பேலட்ல முத்திரை இல்ல.* கோதுமை கதிர் மாதிரி ஒரு படம், நாட்டு கோடு, எந்த ட்ரீட்மென்ட்னு ஹெச்டி மாதிரி ஒரு எழுத்து இருக்கணும். ஹெச்டின்னா மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரில முப்பது நிமிசம் சூடு பண்ணினதுன்னு அர்த்தம். லோட் பண்றதுக்கு முன்னாடி முத்திரையை போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, செலவு பூஜ்யம். இதை விட்டா பிளான்ட் குவாரன்டைன்ல (மரம், செடி வழியா பூச்சி வராம தடுக்கற துறை) மாட்டிக்கும்.
- *பிஐஎஸ், இந்திய தரக்கட்டுப்பாட்டு லைசென்ஸ்.* இதுதான் இருக்கறதுலயே மோசம். எலக்ட்ரிக்கல் ஸ்டீல் மாதிரி கட்டாய பட்டியல்ல இருக்கற சாமானுக்கு, அதை செய்யற வெளிநாட்டு ஆலைக்கே பிஐஎஸ் லைசென்ஸ் இருக்கணும். டிரேடர் "எங்ககிட்ட இருக்கு"ன்னு காட்டறது வேற ஆலையோட லைசென்ஸா இருக்கும். வந்தப்புறம் சரி பண்ண பெருசா வழி இல்ல, திருப்பி அனுப்பற நெலமைக்கும் போகலாம்.

எப்ப ஆள கூப்பிடணும்: கொரி ஒரு தடவைக்கு மேல வந்தா, இல்ல பிஐஎஸ், விலை மதிப்பு பத்தி பேச்சு வந்தா, அன்னிக்கே அனுபவம் உள்ள கஸ்டம்ஸ் புரோக்கர், தேவைப்பட்டா வக்கீல். நீங்களா பதில் எழுதி பாத்துட்டு அப்பறம் போனா அவங்க முதல்ல உங்க பதிலை சரி பண்ணணும். இழுக்கும்னு தெரிஞ்சா சரக்கை இறக்கி வைக்க பர்மிஷன் கேட்டு காலி கண்டெய்னரை ஷிப்பிங் லைனுக்கு திருப்பி குடுத்துருங்க, கண்டெய்னரை வச்சிருக்கறதுக்கு நாள் கணக்குல ஓடற டிடென்ஷன் மீட்டராவது நிக்கும்.

## அறிகுறி 3: சரக்கு இருக்கு, லைன் ஓடுது, ஆனா அவுட்புட் எறங்குது

இதைத்தான் ரொம்ப பேர் இம்போர்ட் பிரச்சினைன்னே கண்டுக்கறதில்ல. ஆளு சரியில்ல, வைண்டிங் சரியில்ல, கரண்டு சரியில்லன்னு சுத்துவாங்க. எங்களுக்கும் அப்படித்தான், நாளைக்கு 200 போன மோட்டார் 140க்கு வந்துருச்சு, ரெண்டு வாரம் வைண்டிங் செக்‌ஷனை திட்டிட்டு இருந்தோம்.

டெஸ்ட் பெஞ்சுல இருக்கற அண்ணன்தான் புடிச்சாரு. அவரு ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரோட முனையை பேரிங் ஹவுசிங்ல வச்சு கைப்பிடியை காதுல அமுத்தி, கண்ணை மூடிட்டு கேப்பாரு. நல்ல மோட்டார் காத்து மாதிரி உஸ்ஸுன்னு ஒரே சீரா இருக்கும். இது முதல்ல நல்லா இருந்து, இருபது நிமிசம் ஓடி சூடானப்புறம் ஒரு இறுக்கமான கீச்சு சத்தம், கையில தொட்டா ஹவுசிங் சுடுது. "பேரிங் மூச்சு முட்டுது சார்"னாரு. அட்டைப்பெட்டி ஸ்டிக்கர்ல 6203 இசட்இசட் சி3. உள்ள இருந்த பேரிங்கை வெளிச்சத்துல சாச்சு பாத்தா பொறிச்சிருக்கறதுல 6203 இசட் மட்டும் இருக்கு, சி3 இல்ல. சி3ன்னா பேரிங் உள்ள குண்டு உருள்ற கிளியரன்ஸ், அதாவது இடைவெளி, கொஞ்சம் கூட. அந்த சைஸ்ல சாதாரண கிளியரன்ஸ் 3ல இருந்து 18 மைக்ரான், சி3 11ல இருந்து 25. சாதாரணத்துல கம்மி பக்கம் இருக்கறது மாட்டினா, ஷாஃப்ட்ல இறுக்கி ஏத்தி, சூடு ஏறுனப்புறம் உருள எடமே இல்ல. தலைமுடியில பாதி தடிமன் கூட இல்லாத வித்தியாசம், தினம் அறுபது மோட்டாரை தின்னுருச்சு.

சத்தம், சூடுன்னா: பெட்டியை நம்பாம பொருள் மேல இருக்கற எழுத்தை பாருங்க. பழைய லாட்ல அஞ்சு, புது லாட்ல அஞ்சு எடுத்து ஒரே ஆள், ஒரே பாடியில மாத்தி மாத்தி போட்டு ஓட்டுங்க. பிரச்சினை லாட் கூடவே போனா பேரிங், பாடி கூடவே இருந்தா உங்க மெஷினிங். இந்த ஒரு டெஸ்டுக்கு அரை நாள் ஆகும், நாங்க அதை பண்ணாம ரெண்டு வாரம் விட்டோம்.

துருன்னா: எந்த பக்கம் துருன்னு பாருங்க. மேல் அடுக்கு பெட்டி மட்டும் ஈரம்னா கண்டெய்னர் கூரையில வேர்த்து சொட்டினது, சப்ளையர் சிலிக்கா பை போடல, துரு புடிக்காத விசிஐ பேப்பர் சுத்தல. ஒரு மூலை, ஒரு சைடு மட்டும்னா கண்டெய்னர்ல ஓட்டை. காலி பண்ணினப்புறம் உள்ள ஒருத்தர் நின்னுட்டு வெளிய இருந்து கதவை சாத்தி வெளிச்சம் எங்கயாவது வருதான்னு பாத்தா தெரிஞ்சிரும், பூட்டிட்டு டீ குடிக்க போயிடாதீங்க. பேரிங் வளையத்துல விரல் அச்சு மாதிரி துரு இருந்தா அது பேக் பண்ணும்போது வெறுங்கையில தொட்டது.

சைஸ்னா: டிராயிங்ல டாலரன்ஸ் எழுதிருந்தீங்களான்னு முதல்ல உங்க பிஓவ பாருங்க. "சேம்பிள் மாதிரி"ன்னு போட்டிருந்தா வாயை மூடிக்கணும், வேற வழியில்ல.

எப்ப ஆள கூப்பிடணும்: ஈரம், உடைசல்னு தெரிஞ்ச நிமிசமே பிரிக்கறதை நிறுத்துங்க. கண்டெய்னர் சீல் நம்பர், கதவு, முதல் அடுக்கு எல்லாம் போட்டோ எடுத்து இன்சூரன்ஸ்ல சொல்லி சர்வேயரை வர சொல்லுங்க, அவரு சில்வர் நைட்ரேட் விட்டு கடல் தண்ணியா வேர்வையான்னு பாப்பாரு. ஷிப்பிங் லைனுக்கு மூணு நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும். சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி புரொடக்‌ஷன்ல வந்து "நல்லதை மட்டும் பொறுக்கிக்கறோம்"னு கேப்பாங்க, குடுத்தீங்கன்னா கிளெய்ம் அவ்ளோதான்.

## அறிகுறி 4: ஸ்டோர் நெறஞ்சு வழியுது, வேணுங்கறது மட்டும் இல்ல

கண்டெய்னர்ல எடம் காலியா போகுதேன்னு வேண்டாததையும் நெரப்பறதுதான் பாதி காரணம். மீதி, ஸ்டாக் எவ்ளோ எறங்குனா அடுத்த ஆர்டர் போடணும்ங்கற ரீஆர்டர் லெவலை சராசரி நாளை வச்சு போடறது. போன ஆறு ஆர்டர்ல பிஓ தேதில இருந்து ஜிஆர்என் தேதி வரைக்கும் எத்தன நாள்னு எழுதுங்க. எங்களுக்கு சராசரி 55, மோசமானது 83. நாளைக்கு 400 பேரிங்னா சராசரிக்கு 22,000, மோசமானதுக்கு 33,200. நடுவுல இருக்கற 11,200தான் வருசத்துக்கு ஒரு தடவை லைனை நிறுத்துது. எல்லா ஐட்டத்துக்கும் மோசமான கணக்குல வச்சா பணம் முடங்கிரும், அதனால இது இல்லைன்னா மோட்டாரே வெளிய போகாதுங்கற ஐட்டத்துக்கு மட்டும் அப்படி வைங்க. பெயிண்ட், ஸ்டிக்கர், நட்டு எல்லாம் பீளமேட்டுலயே கெடைக்கும், அதை எதுக்கு கடல் தாண்டி வாங்கணும்.

இதுக்கு வெளியாள் வேண்டாம். ஒரு எக்செல் ஷீட்டும் புரொடக்‌ஷன் பிளான் பண்றவரோட அரை நாளும் போதும்.

## அறிகுறி 5: விலை கம்மின்னு மாறுனோம், லாபத்தை காணோம்

முதல்ல முழு விலையை போட்டு பாருங்க. சிஐஎஃப் மதிப்பு (சரக்கு விலையோட ஃப்ரெய்ட், இன்சூரன்ஸ் சேத்து) 100 ரூபாய், அடிப்படை ட்யூட்டி 7.5 சதவீதம்னு வச்சுக்கோங்க, அது மேல பத்து சதவீதம் சமூக நல சர்சார்ஜ் 0.75, ஆக 108.25. அதுக்கு 18 சதவீத ஐஜிஎஸ்டி 19.49. ஐஜிஎஸ்டி கிரெடிட்ல திரும்ப வந்துரும், ஆனா மாசக்கணக்குல பணம் அங்க உக்காந்திருக்கும், அதுக்கு பேங்க் வட்டி யாரு கட்றது. மத்த 8.25 போனது போனதுதான்.

அடுத்து சிஐஎஃப்ல வாங்குறீங்களான்னு பாருங்க. ஃப்ரெய்ட் ரொம்ப கம்மின்னு அவன் சொல்றப்பவே சந்தேகப்படணும், அவங்க ஃபார்வர்டர் இங்க டெஸ்டினேஷன் சார்ஜ்னு பத்து தலைப்புல புடுங்கிருவான், முக்கியமா எல்சிஎல்ல, அதாவது ஒரே கண்டெய்னர்ல பல பேர் சரக்கு வர்றப்ப. எஃப்ஓபிக்கு மாத்தி உங்க ஃபார்வர்டரையே போட்டு ரெண்டு ஷிப்மென்ட் பாருங்க. அப்பவும் சரியா வரலைன்னா அறிகுறி 3க்கு போங்க, ரீவொர்க் நேரத்தை இந்த விலையில ஏத்துங்க. எங்க மெக்கானிக்கல் சீல்ல அதை ஏத்துனப்ப உள்ளூர் விலையை தாண்டிருச்சு, இப்ப பாதி இங்கயே வாங்கறோம். டாலர் ஏத்தம் மட்டும்தான் பிரச்சினைன்னா பேங்க்ல டாலர் ரேட்டை முன்னாடியே பேசி வைக்கற ஃபார்வர்டு கான்ட்ராக்ட் பத்தி கேளுங்க, அதுக்கு ஆடிட்டரையும் கூட உக்கார வைங்க.

## அறிகுறி 6: பேங்க் அடுத்த பேமென்ட்டை நிறுத்திருச்சு

தொண்ணூறு சதவீதம் பழைய அட்வான்சுக்கு பில் ஆஃப் என்ட்ரி நம்பரை பேங்க்ல குடுத்து ஐடிபிஎம்எஸ்ல (இம்போர்ட் பணத்துக்கு சரக்கு வந்துதான்னு பாக்கற ரிசர்வ் பேங்க் சிஸ்டம்) முடிக்காததுதான். லிஸ்ட் கேளுங்க, ஒவ்வொண்ணா ஜோடி சேருங்க. அனுப்புன தொகையும் வந்த சரக்கு மதிப்பும் ஒத்துப்போகலைன்னா அங்க நிறுத்திட்டு ஆடிட்டர்கிட்ட போங்க.

## அறிகுறி 7: சப்ளையர் "பேங்க் அக்கவுண்ட் மாறிருச்சு"ன்னு மெயில் போட்டிருக்கான்

பணம் அனுப்பாதீங்க. அந்த மெயிலுக்கு ரிப்ளையும் பண்ணாதீங்க. பழைய விசிட்டிங் கார்டுல இருக்கற நம்பருக்கு வீடியோ கால் போட்டு, மொகம் பாத்து கேளுங்க. மெயில் ஐடியை எழுத்து எழுத்தா பாருங்க, "எம்" இருக்கற எடத்துல "ஆர்"உம் "என்"உம் ஒட்டி உக்காந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. ஏற்கனவே அனுப்பிட்டீங்கன்னா நாளைக்கு பாக்கலாம்னு விடாதீங்க, அந்த நிமிசமே பேங்க்ல சொல்லி ரீகால் போட சொல்லிட்டு சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிடுங்க, புரொடக்‌ஷன் லைனை பத்தி அப்பறம் யோசிச்சுக்கலாம்.